தீவுகளின் மொழியைச் செவிமடுத்தவர்
லொரென்சோ டவ் டர்னர் (1890 – 1972)

1929ஆம் ஆண்டுக் கோடைக்காலம். அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில் ஆரஞ்ச்பர்க் என்னும் ஊரிலிருந்த கறுப்பின மாணவர்க்கான கல்லூரிக்கு, விடுமுறைக்கால வகுப்பு நடத்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். வகுப்பு முடிந்து வெளியேறிய மாணவர் சிலர் தமக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. சொற்கள் ஆங்கிலம் போல ஒலித்தன; பொருளோ பிடிபடவில்லை. ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அம்மாணவர்களைப் போலவே கறுப்பினத்தவர். ஆயினும் தம் இனத்தாரின் பேச்சை விளங்கிக்கொள்ள அவரால் இயலவில்லை. யார் இவர்கள் என வினவியபோது, கடலோரத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் என்றும், அவர்கள் பேசுவது குல்லா என்றும் விடை கிடைத்தது. அன்று எழுந்த வியப்பு அடுத்த இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. லொரென்சோ டவ் டர்னர் என்னும் இலக்கிய ஆசிரியர் மொழியியல் அறிஞராக மாறிய வரலாறு அங்கே தொடங்குகிறது.

டர்னர் 1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் வட கரோலினாவின் எலிசபெத் நகரில் பிறந்தார். தந்தை ரூக்ஸ் டர்னர் ஆசிரியப் பணியில் ஊறியவர். தம் இனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதையே வாழ்வின் கடமையாகக் கொண்டவர். அடிமைமுறை ஒழிந்து ஒரு தலைமுறையே கழிந்திருந்த அக்காலத்தில், கறுப்பின வீடொன்றில் கல்வி என்பது அணிகலன் அன்று, அதுவே காப்பரண். அத்தகைய வீட்டில் வளர்ந்த டர்னர் 1914இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமும், 1917இல் ஹார்வர்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின் ஹோவர்டிலேயே ஆங்கிலத் துறையில் ஆசிரியராகி, அத்துறையின் தலைவராகவும் உயர்ந்தார். 1926இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. 1865க்கு முற்பட்ட அமெரிக்க இலக்கியத்தில் அடிமைமுறைக்கு எதிரான உணர்வு என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். இடையில் உடன்பிறந்தாருடன் சேர்ந்து வாஷிங்டனில் செய்தித்தாள் ஒன்றை நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1929இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைத் தலைவரானார்.

அடிமைகளைப் பற்றிப் பிறர் எழுதியவற்றை அதுவரை ஆராய்ந்தவர், அடிமைகளின் வழிவந்தோர் தம் வாயால் பேசுவதை இனி ஆராய வேண்டும் எனத் துணிந்தார். அத்துணிவு எளிதில் நிறைவேறக்கூடியதாக இல்லை.

குல்லா பிறந்த கதையை அறிந்தால்தான் டர்னரின் பணி எத்தகையது என்பது விளங்கும். 1670இல் கரோலினாவில் ஆங்கிலக் குடியேற்றம் தொடங்கியது. முதலில் வந்த முதலாளிகளுட் பலர் பார்படோஸ் தீவிலிருந்து தம் அடிமைகளுடன் வந்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்று நிலத்தில் நெல் விளைவிக்கத் தலைப்பட்டனர். நெற்பயிர் ஆளை விழுங்கும் பயிர். வரப்பு கட்டவும், நீர் மடைகளைக் காக்கவும், நாற்று முதல் குத்துதல் வரை எல்லாவற்றையும் செய்யவும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. நெல் வேளாண்மை அறிந்த செனகாம்பியா, சியரா லியோன் பகுதி மக்களைத் தோட்டக்காரர்கள் விரும்பி வாங்கினர். அங்கோலாவிலிருந்தும் பெருந்தொகையினர் கொண்டுவரப்பட்டனர். 1708 அளவிலேயே தென் கரோலினாவில் வெள்ளையரினும் கறுப்பர் தொகை மிகுந்துவிட்டது. கொசுவும் மலேரியாவும் மலிந்த கோடை மாதங்களில் முதலாளிகள் தோட்டங்களை விட்டு அகன்றனர். தீவுகளில் எஞ்சியோர் அடிமைகளும் ஒருசில கண்காணிகளுமே.

ஒரே குடிசையில் வோலோஃப் பேசுபவனும் கிம்புண்டு பேசுபவளும் மெண்டே பேசும் முதியவளும் வாழ நேர்ந்தால் அவர்களுக்கிடையே மொழி எது? ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. எல்லார் காதிலும் விழுவது எசமானின் மொழி ஒன்றே. அதுவும் ஏவலாகவும் வசையாகவும் விழுவது. அம்மொழியின் சொற்களை அவர்கள் பொறுக்கி எடுத்தனர். ஆனால் அச்சொற்களை எவ்வாறு கோப்பது, எவ்வாறு ஒலிப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது என்பவற்றைத் தத்தம் தாய்மொழியின் பழக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டனர். முதலில் அது வேலைத்தலத்துக்கு மட்டும் உதவும் சுருக்கப் பேச்சாக இருந்திருக்கக்கூடும். அதைக் கேட்டே வளர்ந்த குழந்தைகளுக்கு அதுவே தாய்மொழியாயிற்று. தாய்மொழியானதும் அது சுருக்கப் பேச்சாக நிற்க இயலாது. தாலாட்டும் வசவும் வழிபாடும் கதையும் அதிலேயே நிகழ வேண்டியிருந்தன. ஆகவே அது முழுமொழியாக வளர்ந்தது. இவ்வாறு உருவாகும் மொழிகளையே அறிஞர் கிரியோல் மொழிகள் என்பர். ஹைட்டியில் பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டும், சூரினாமில் ஆங்கிலச் சொற்களைக் கொண்டும் இவ்வாறே மொழிகள் தோன்றின. குல்லாவின் வித்து மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலேயே விழுந்ததா, பார்படோசில் விழுந்ததா, கரோலினாவின் நெல்வயலிலேயே முளைத்ததா என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. குல்லா என்னும் பெயரையே அங்கோலா என்பதன் திரிபென்பாரும், லைபீரியப் பகுதியின் கோலா இனப்பெயர் என்பாரும் உளர்.

டர்னர் இத்துறையில் புகுந்தபோது இவ்வையங்கள்கூட எழவில்லை. குல்லாவில் ஆப்பிரிக்கம் ஏதும் இல்லை என்பதே அன்று கற்றோர் கொண்டிருந்த முடிவு. அஃது இங்கிலாந்து உழவர்களின் பழைய வட்டாரப் பேச்சு என்றும், அடிமைகள் அதைச் சரிவரக் கற்க இயலாமல் சிதைத்துவிட்டனர் என்றும் எழுதினர். தடித்த உதடும் சோம்பிய நாக்குமே அம்மொழியின் இலக்கணத்தைத் தீர்மானித்தன என்றும் சிலர் கூசாமல் அச்சிட்டனர். இதன் உட்பொருள் மொழியோடு நிற்பதன்று. மொழியில் ஆப்பிரிக்கம் இல்லையெனில் அம்மக்களிடமும் ஆப்பிரிக்கம் எதுவும் எஞ்சவில்லை. கப்பலேறிய நாளிலேயே அவர்கள் வரலாறு அழிந்துவிட்டது. அவர்கள் பெற்ற அனைத்தும் எசமானிடம் பெற்றவையே. இம்முடிவை வெள்ளை அறிஞர் மட்டுமின்றிக் கறுப்பின அறிஞர் சிலரும் ஏற்றிருந்தனர். அவ்வாறு எழுதியோர் எவரும் ஆப்பிரிக்க மொழி ஒன்றைக்கூடக் கற்றவரல்லர் என்பதை டர்னர் கண்டுகொண்டார்.

அவர் முதலில் செய்தது மாணவராக மாறியது. நாற்பது வயதில், துறைத் தலைவர் பொறுப்பிலிருந்தபடியே, 1930இல் மொழியியலாளர் நடத்திய கோடைப் பயிலரங்கில் சேர்ந்து ஒலியியலும் களஆய்வு முறையும் கற்றார். அமெரிக்க மொழியியற் கழகத்தில் உறுப்பினரான முதற் கறுப்பினத்தவர் அவரே. 1932இல் தட்டுகளில் குரலைப் பதியும் கனமான கருவியுடன் தீவுகளுக்குப் புறப்பட்டார். தென் கரோலினாவில் ஜான்ஸ், வாட்மலா, எடிஸ்டோ, செயின்ட் ஹெலினா. ஜார்ஜியாவில் சபெலோ, செயின்ட் சைமன்ஸ், ஹாரிஸ் நெக் எனப் பல ஊர்களில் தங்கினார். முதியோரிடம் சென்று அமர்ந்து, அவர்கள் கூறிய கதை, வேண்டுதல், பாட்டு, அறுவடைச் செய்தி, அடிமைக்கால நினைவு ஆகியவற்றைப் பதிந்தார்.

அம்மக்கள் எளிதில் வாய் திறப்பவரல்லர். அயலார் முன் அவர்கள் பேசும் பேச்சு வேறு. அடுப்படியில் பேசும் பேச்சு வேறு. ஒருமுறை டர்னருடன் வந்த வெள்ளை ஆய்வாளர் தம்மையறியாமல் சற்றே அதட்டலான தொனியில் கேட்டுவிட, அந்த முதியவர் அக்கணமே பேச்சை நிறுத்திக்கொண்டார். எவ்வளவு வருந்தியும் மீண்டும் ஒரு சொல் பிறக்கவில்லை. தொனி ஒன்றே மொழியைப் பூட்டிவிடும் என்பதை டர்னர் அங்கே கற்றார். பின்னர்த் தனியே சென்றார், பலமுறை சென்றார், அவர்களுடைய தேவாலயங்களில் அமர்ந்தார். மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன.

திறந்தபோது முதலில் வெளிவந்தவை பெயர்கள். தீவு மக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். பள்ளிப் பதிவேட்டுக்கும் கடிதத்துக்கும் ஓர் ஆங்கிலப் பெயர். வீட்டில் அழைக்க மற்றொரு பெயர்; அதனைக் கூடைப்பெயர் என்றனர். திங்களன்று பிறந்தவனுக்குக் கோஜோ, வெள்ளியன்று பிறந்தவனுக்குக் கோஃபி என ட்வி மொழியினர் நாள்வழி இடும் பெயர்கள் அவற்றுள் இருந்தன. மெண்டே, யொருபா, கொங்கோ, வாய் மொழிப் பெயர்களும் இருந்தன. பல பெயர்களுக்குப் பொருள் என்னவென்று வைத்தவர்க்கே தெரியவில்லை. பாட்டியின் பெயர் என்பதால் வைத்தனர். பாட்டிக்கு அவள் பாட்டியின் பெயர். பொருள் மறைந்த பின்னும் ஒலி கைமாறி வந்துகொண்டிருந்தது.

பொருளைத் தேடும் பணி டர்னருடையதாயிற்று. 1936இல் லண்டன் சென்று கீழைத்தேய, ஆப்பிரிக்கவியற் கல்விக்கூடத்தில் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றார். ஆப்பிரிக்கர் எங்குக் கிடைப்பினும் தம் பதிவுகளை அவர்களிடம் போட்டுக் காட்டி விளக்கம் கேட்டார். இசுலாமியப் பெயர்களின் மூலத்தைக் காண யேல் பல்கலைக்கழகத்தில் அரபு படித்தார். 1940இல் சமூகவியலறிஞர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியரோடு பிரேசிலின் பாஹியாவுக்குச் சென்று, அங்கே வழிபாட்டில் யொருபா மொழி ஒலிப்பதைப் பதிந்தார். ஃபிரேசியர், அடிமைமுறை ஆப்பிரிக்கப் பண்பாட்டைத் துடைத்தெறிந்துவிட்டது என்னும் கொள்கையர். ஒன்றாகப் பயணம் செய்த இருவரும் ஒரே மக்களைக் கண்டு வேறு வேறு முடிவுகளோடு திரும்பினர். துடைத்தெறிந்த கொடுமையின் அளவை ஒருவர் கண்டார். துடைத்தும் எஞ்சியதை மற்றவர் கேட்டார். இரண்டும் உண்மையே ஆயினும், இரண்டாவதைச் சான்றுடன் நிறுவ ஒருவர் தேவைப்பட்டார்.

அச்சான்று 1949இல் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. குல்லா மொழியில் ஆப்பிரிக்கக் கூறுகள் என்பது அந்நூலின் பொருள். இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளோடு ஒப்பிட்டு, சுமார் 4000 சொற்களுக்கு டர்னர் மூலம் காட்டினார். நிலக்கடலையைக் குறிக்கும் கூபர், கிம்புண்டு மொழியின் ங்குபா. வெண்டைக்காயைக் குறிக்கும் கம்போவும் அங்கோலாப் பகுதிச் சொல்லே. எள்ளுக்கு வழங்கும் பென்னே, வோலோஃப் மொழியினது. ஆமையைக் குறிக்கும் கூட்டர், மேற்கு ஆப்பிரிக்காவின் குட்டா. வெள்ளைக்காரனைக் குறிக்கும் பக்ரா, இபிபியோ, எஃபிக் மொழிகளின் ம்பகாரா. இவற்றுட் சில தீவுகளைத் தாண்டி அமெரிக்க ஆங்கிலத்திலும் குடிபுகுந்தவை. பேசியோர் தாம் எவரிடம் கடன் வாங்கினோம் என்பதை அறியாதிருந்தனர்.

முன்னையோர் எவ்வாறு தவறினர் என்பதையும் அந்நூல் காட்டுகிறது. கொழுத்தது என்னும் பொருளில் தீவு மக்கள் தாஃபா என்றனர். கேட்டோர் அதனை ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் சிதைவாகக் கொண்டு அதற்குப் பொருந்தாப் பொருள் கற்பித்தனர். உண்மையில் அது வாய் மொழிச் சொல். வாய் நிறைய என்பது அதன் நேர்ப்பொருள். விடாது பெய்யும் கடுமழைக்கு அவர்கள் வழங்கிய தெட் என்னும் வோலோஃப் சொல்லையும் ஆங்கிலச் சாவுச் சொல்லாகவே எழுதிவைத்தனர். கேட்பவனின் அறியாமை பேசுபவனின் பிழையாக ஏட்டில் ஏறிய கதை இது.

சொல்லைக் காட்டிலும் ஆழமானது அமைப்பு. விடியலை அவர்கள் பகல் தூய்மையானது என்னும் பொருள்பட ஆங்கிலச் சொற்களாலேயே குறித்தனர். அக்கோப்பு வோலோஃப் மொழியில் அவ்வாறே உள்ளது. முகத்துதி அவர்களுக்கு இனிய வாய். உண்மை பேசுபவன் உண்மை வாய். ஒருவனினும் ஒருவன் உயரம் என்பதை, உயரம் அவனைக் கடக்கிறது என்று கூறினர். அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல் போதுமாயிருந்தது. நினைத்தல், கேட்டல், அறிதல் ஆகிய வினைகளுக்குப் பின், சொல்லுதலைக் குறிக்கும் சே என்பதை இணைப்புச் சொல்லாக வைத்தனர். ட்வி மொழியிலும் அவ்வாறே. என் என்னும் வினையடியிலிருந்து பிறந்த என்று என்பதை நாளும் ஆள்கின்ற தமிழர்க்கு இவ்வமைப்பு விந்தையாகத் தோன்றாது. ஆங்கிலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டோர்க்கே அது பிழையாகத் தோன்றியது. செங்கற்கள் ஆங்கிலத்தினுடையவை, வீட்டின் திட்டம் பெரிதும் ஆப்பிரிக்கத் தச்சருடையது.

டர்னரின் நூல் குறையற்றதன்று. அவர் தொகுத்த சொற்களுள் மிகப் பெரும்பான்மை இயற்பெயர்கள். அன்றாட உரையாடலில் வழங்கியவை சில நூறே. சிறிய பெயர்களுக்குப் பல மொழிகளில் ஒத்த ஒலி தற்செயலாகவும் கிடைக்கும் என்று பின்வந்தோர் சுட்டினர். சில மூலங்கள் மறுக்கப்பட்டன. குல்லாவின் சொல்வளத்தில் பெரும்பகுதி ஆங்கிலமே என்பதை டர்னரும் மறுத்தாரல்லர். ஆயினும், ஆப்பிரிக்கக் கூறு உண்டா என்னும் வினா அந்நூலோடு முடிந்தது. அதன் பின் எழுந்தவை எவ்வளவு, எவ்வழி என்னும் வினாக்களே. ஒரு துறையில் பழைய வினாவை முடித்துப் புதிய வினாவைத் தொடங்கிவைப்பதினும் பெரிய பணி அறிஞர்க்கு வேறில்லை.

அந்நூலின் பக்கங்களுக்கிடையே ஒரு சிறு பாட்டு இருந்தது. ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் சிற்றூரில் அமீலியா டாலி என்னும் பெண்மணி டர்னருக்குப் பாடிக்காட்டியது. ஐந்தே அடி. தாய்வழியாக வந்த அப்பாட்டின் பொருள் பாடியவர்க்குத் தெரியாது. முழுவதும் ஆப்பிரிக்க மொழி. ஒரு சொல்லும் ஆங்கிலமன்று. சியரா லியோனிலிருந்து அமெரிக்காவிற்குப் படிக்க வந்த மாணவர் ஒருவர் அதனைக் கேட்டு, தம் தாய்மொழியாகிய மெண்டே என அடையாளம் கண்டார். டர்னர் அதனை ஒலிக்குறியுடன் அச்சிட்டார். அமெரிக்க மண்ணில் வாய்மொழியாக நிலைத்த ஆப்பிரிக்க மொழிப் பாடல்களுள் அறியப்பட்ட மிக நீண்டது அதுவே.

அப்பாட்டு ஒலித்த ஊர் நிலைக்கவில்லை. 1942இல் போர்க்கால விமானத்தளம் அமைப்பதற்காக அமெரிக்க அரசு ஹாரிஸ் நெக் நிலத்தை எடுத்துக்கொண்டது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் குறுகிய தவணையில் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தபின் அந்நிலம் அவர்களிடம் திரும்பவில்லை. 1962இல் அது வனவிலங்குப் புகலிடமாயிற்று. டர்னர் பத்தாண்டு தாழ்த்திச் சென்றிருந்தால் அவர் தேடிய ஊர் இருந்திருக்காது.

1946இல் டர்னர் சிகாகோவின் ரூஸ்வெல்ட் கல்லூரிக்கு மாறினார். அதற்கு முன்னரே, 1943இல், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் பாடத்திட்டம் அமைத்திருந்தார். அந்நாட்டில் இத்தகைய முயற்சிகளுள் முன்னோடி அது. 1951இல், அறுபது வயதில், முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணை மிதித்தார். நைஜீரியாவிலும் சியரா லியோனிலும் கதைகளும் பழமொழிகளும் தொகுத்தார். சியரா லியோனின் கிரியோ மொழி குல்லாவுக்கு உறவுடையது. அதற்கும் 1960களில் நூல்கள் எழுதினார். யொருபா பற்றி அவர் திரட்டியவற்றுட் பெரும்பகுதி அச்சேறாமலே நின்றது. 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் சிகாகோவில் காலமானார், அகவை 81.

அவர் மறைந்தபின்னர் அப்பாட்டு தன் வழியில் நடந்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வாளர் மூவர், டர்னரின் பதிவைச் சியரா லியோனின் மெண்டே ஊர்களில் போட்டுக் காட்டிச் சென்றனர். செனெஹுன் ங்கோலா என்னும் சிற்றூரில் ஒரு பெண் அதனைக் கேட்டதும் தாமும் உடன்பாடினார். இறந்தோரை வழியனுப்பும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு அது, பாட்டியிடம் கற்றது. ஹாரிஸ் நெக்கில் பாடிய பெண்மணியின் மகள் முதுமையில் இருப்பது தெரியவந்தது. தாயிடம் கேட்ட பாட்டை அவரும் மறக்கவில்லை. 1997இல் அவர் குடும்பத்தோடு கடல் கடந்து அவ்வூருக்குச் சென்றார். இருநூறு ஆண்டுக் காலம் பொருள் தெரியாமலே காத்துவந்த பாட்டு, தன் பொருளை மீண்டும் அடைந்தது. இரு கரையிலும் அதைக் காத்தவர் பெண்களே. அரசரும் கோயிலும் ஏடும் இன்றி, தாய் மகளுக்குச் சொன்னதனால் மட்டுமே அது பிழைத்தது.

2002இல் டர்னரின் நூல் மறுபதிப்புக் கண்டது. 2005இல் குல்லாவில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 2006இல் குல்லா மக்களின் கடலோரப் பகுதி தேசியப் பண்பாட்டு மரபுப் பகுதியாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. பள்ளியில் பேசினால் திருத்தப்பட்ட மொழி, பேணத்தக்க மொழி என்னும் நிலைக்கு வந்தது. அதே காலத்தில் தீவுகளுக்குப் பாலங்கள் வந்தன, உல்லாச விடுதிகள் வந்தன, நிலம் கைமாறியது, இளையோர் வேலை தேடி அகன்றனர். மதிப்பு வந்த வேளையில் பேசுவோர் குறைந்தனர் என்பது இவ்வரலாற்றின் துயரம்.

டர்னர் புது மொழி எதையும் கண்டுபிடித்தவரல்லர். பிறர் பிழை என்று ஒதுக்கியதைப் பிழை என்று எடுத்த எடுப்பில் கொள்ளாமல் அமர்ந்து கேட்டவர். கேட்டது விளங்காதபோது பேசியவர் மீது குறை காணாது, தாம் இன்னும் கற்கவேண்டியது யாது எனத் தேடியவர். அவருடைய பதிவுத் தட்டுகள் இந்தியானா பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. ஊர் அழிந்துவிட்ட ஒரு பெண்ணின் குரல் அங்கே ஐந்து அடிகளை இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.